கணக்கு யார் யாருக்குச் சொல்வது? தங்கவயல் ரயில் பாதையில் வளர்ந்த ஒரு சங்கத்தின் கதை

'கட்டுப்பாடு' என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது ஊர்க் கட்டுப்பாடுதான். சேரிக்காரன் ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, டீக்கடையில் அவனுக்குத் தனி கிளாஸ், பிணத்தை இந்த வழியாக எடுத்துப் போகக் கூடாது. மீறினால் அபராதம். அபராதம் கட்டாவிட்டால் வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது, யாரும் பேசவும் கூடாது. இதைப் போட்ட ஊருக்கு ஒற்றுமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பொது மதிப்பீடுகளும் அதற்கு உண்டு, அவற்றைக் காக்கும் அமைப்பும் உண்டு. சாதியைப் போல உறுப்பினர்களை இறுக்கிக் கட்டி வைத்த சங்கம் இந்த நாட்டில் வேறு எது இருக்கிறது?

ஆகவே ஒரு கூட்டத்துக்கு ஒற்றுமை இருக்கிறதா, கட்டுப்பாடு இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. யார் யாருக்குக் கணக்குச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். ஊர்க் கட்டுப்பாட்டில் கீழே இருப்பவர்தான் எப்போதும் கணக்குச் சொல்கிறார். 'ஏன் இந்த வழியாக வந்தாய், ஏன் சைக்கிளில் ஏறி வந்தாய், ஏன் கல்யாணத்துக்கு மேளம் வைத்தாய்' என்று மேலே இருப்பவர் கேட்பார். 'ஏன் எங்களுக்குத் தண்ணீர் தரவில்லை' என்று கீழே இருப்பவர் திருப்பிக் கேட்டால் அது கலகம். ஒரு பக்கம் மட்டுமே ஓடுகிற இந்தப் பொறுப்புடைமைக்குப் பெயர்தான் சாதி.

இதை எதிர்த்துக் கிளம்புகிற நம் சங்கங்கள் எப்படி இருக்க வேண்டும்? அரக்கோணத்தில் இருந்து எழுதும் நாம் இந்தக் கேள்விக்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் ஊரைக் கடந்துபோகும் ரயில் பாதையிலேயே, நூறு வருஷத்துக்கு முன்பு, முகம் பார்த்திராத நம் மக்கள் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து அப்படி ஒரு சங்கத்தைக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதில் அவர்கள் சாதித்ததையும் அது சறுக்கிய இடத்தையும் இரண்டையுமே நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாதையும் பத்திரிகையும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை பிறகு காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று நீண்டு 1864இல் பெங்களூரைத் தொட்டது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கச் சுரங்க வேலையில் இறங்கியது. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்துக்குக் கிளைப்பாதை போட்டார்கள். அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டு வடஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் நம் ஆட்கள் சுரங்கத்துக்குப் போனார்கள். பண்ணையாரின் நிலத்தில் பரம்பரையாக உழைத்தவனுக்கு முதன்முதலாகக் கையில் காசாகக் கூலி வந்தது அங்கேதான். உயிரைப் பணயம் வைத்த கூலிதான் என்றாலும், அதைத் தரும் கை பண்ணையாரின் கை இல்லை. அந்த வித்தியாசம் பெரியது.

இந்தக் காலத்தில்தான் சென்னை ராயப்பேட்டையில் சித்த வைத்தியரான பண்டித அயோத்திதாசர் ஒரு வார இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19, புதன்கிழமை. நாலு பக்கம். விலை பெயரிலேயே இருந்தது: 'ஒரு பைசாத் தமிழன்'. அடுத்த வருஷம் பெயர் 'தமிழன்' என்று சுருங்கியது. 1914 மே 5இல் அவர் இறக்கும் வரை, ஏறக்குறைய ஏழு வருஷம், புதன்கிழமைதோறும் அவர் அதை நடத்தினார்.

சென்னையிலிருந்து தங்கவயலுக்கு ரயிலில் போக அரக்கோணம் வழிதான். ஜோலார்பேட்டையில் பிரிந்தால் திருப்பத்தூர். மாரிக்குப்பம், சாம்பியன் ரீப், திருப்பத்தூர், பெங்களூர், ஐதராபாத் என்று சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் முளைத்த ஊர்களை வரைபடத்தில் குறித்தால் அது பாதி ரயில்வே வரைபடம் போல இருக்கும். கடல் தாண்டியும் ரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று நம் மக்கள் கூலிக்குப் போன இடமெல்லாம் இதழ் போனது.

எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, சுற்றிலும் பலர் உட்கார்ந்து கேட்பது அந்தக் காலப் பழக்கம். ராயப்பேட்டை வைத்தியரை நேரில் பார்த்திராத ஒரு சுரங்கத் தொழிலாளி அவரிடம் கேள்வி கேட்டு எழுதலாம். பதிலை எல்லா ஊரிலும் இருப்பவர்கள் படிப்பார்கள். இப்படி முகம் பார்க்காமல், எழுத்தின் வழியாக மட்டும் பழகியவர்கள் ஒரு சமூகமானார்கள்.

எதைச் சொல்லிச் சேர்ந்தார்கள்?

ஒரே சாதியில் பிறந்தவர்கள் என்பதால் சேர்ந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அவர்களே அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. இங்கே ஒரு பழைய சண்டையை நினைவுபடுத்த வேண்டும். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரில் பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி நம்மை இழிவுபடுத்துகிறார்களோ அந்தப் பெயரையே தலைநிமிர்ந்து சொன்னால்தான் பயம் தெளியும் என்பது அவர் கட்சி. அயோத்திதாசர் இதை ஒப்பவில்லை. பகைவன் வைத்த பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் வாதம். நாம் 'சாதிபேதமற்ற திராவிடர்', பூர்வ பௌத்தர் என்றார். இத்தனைக்கும் இருவரும் நெருங்கிய உறவினர்கள். சீனிவாசனின் தங்கையைத்தான் அயோத்திதாசர் மணந்திருந்தார். உறவுக்காக அவர்கள் கருத்தை மறைத்துக்கொள்ளவும் இல்லை, கருத்துக்காக மக்கள் வேலையை நிறுத்திவிடவும் இல்லை.

'சாதிபேதமற்ற' என்பதைக் கவனியுங்கள். அது பிறப்பைச் சொல்லவில்லை. ஒருவன் என்ன செய்யாமல் இருக்கிறான் என்பதைச் சொல்கிறது. சாதி பேதம் பாராட்டாதவன் என்பது அடையாளம் என்றால், பேதம் பாராட்டுகிற அன்றைக்கு அந்த அடையாளத்தை அவன் இழந்துவிடுகிறான். 'யதார்த்த பிராமணன்', 'வேஷ பிராமணன்' என்று அயோத்திதாசர் பிரித்ததும் இதே அளவுகோலை வைத்துத்தான். ஒழுக்கத்தாலும் அறிவாலும் அந்தப் பெயருக்கு உரியவனானவன் ஒருவன், பெயரை மட்டும் போர்த்திக்கொண்டவன் இன்னொருவன். பிராமணியத்தின் மீது அவர் வைத்த விமர்சனத்தின் நடுநாடி அது. பெயருக்குரிய நடத்தை உன்னிடம் இருக்கிறதா என்ற கேள்வி பிராமணனோடு நின்றுவிடுவதில்லை. 'பௌத்தன்' என்று சொல்லிக்கொள்பவனையும் 'தலைவன்' என்று சொல்லிக்கொள்பவனையும் அது கேட்கும்.

1898இல் கர்னல் ஆல்காட்டின் உதவியோடு அவர் இலங்கைக்குப் போய், சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். கொல்லாமை, திருடாமை, பிறர் மீது காமத்தால் அத்துமீறாமை, பொய் சொல்லாமை, போதையைத் தொடாமை. இந்த ஐந்தும் படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் ஒன்றுதான். விரலை மடக்கி எண்ணிவிடலாம். ஆகவே சங்கத்தில் சேர்ந்த கூலித் தொழிலாளி சங்கத் தலைவரை அளக்கவும் இதே ஐந்து விரல் போதும்.

எப்படிக் கணக்குச் சொன்னார்கள்?

'தமிழன்' இதழில் அயோத்திதாசரின் 'இந்திரர் தேச சரித்திரம்' போன்ற தொடர்கள் வந்தன. சுதேசி இயக்கம் உச்சத்தில் இருந்த காலம் அது. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவர்கள் பேசும் சுதேசியம் யாருடைய சுதேசியம் என்று அவர் வாரந்தோறும் உலுக்கினார். அதோடு, வாசகர் கேள்விகளும் பதில்களும், கிளைச் சங்கங்களின் கூட்ட விவரங்களும் இதழில் இடம்பெற்றன. ஒரு கிளை என்ன செய்கிறது என்று இன்னொரு கிளை அறிந்துகொள்ள வழி இருந்தது.

1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பௌத்தர் என்று பதிவு செய்யுங்கள் என்று இதழ் பிரச்சாரம் செய்தது. சர்க்கார் நம்மை எண்ணும்போது என்ன பெயரில் எண்ண வேண்டும் என்பதை நாமே சொல்வோம் என்ற துணிச்சல் அது.

பணமும் பெரிய இடத்துப் பணம் அல்ல. தங்கவயல் தொழிலாளிகளின் சந்தாவும் நன்கொடையும்தான் இதழையும் நூல்களையும் தாங்கின. அயோத்திதாசரின் எழுத்துகளைப் பிற்காலத்தில் மறுபடி மறுபடி அச்சிட்டுக் காத்ததும் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலைதான். பைசா கொடுத்தவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருந்தது என்பது மட்டுமல்ல, கேள்வி கேட்பவன் கொடுத்த பைசாவில்தான் பத்திரிகையே நின்றது. பெரிய நன்கொடையாளர் இருந்திருந்தால் அவருக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

கருத்து வேறுபாடுகளும் வெளியில்தான் இருந்தன. பௌத்தத்தை அறிவியலோடும் பகுத்தறிவோடும் விளக்கிய பேராசிரியர் பி. லட்சுமி நரசுவும், பிற்காலத்தில் பொதுவுடைமைத் தலைவரான ம. சிங்காரவேலரும் அன்றைய சென்னை பௌத்த வட்டத்தில் இருந்தவர்கள். அயோத்திதாசர் சொற்களைப் பிரித்துப் பொருள் கண்டும், பண்டிகைகளுக்குப் பௌத்த விளக்கம் தந்தும் எழுதியவர். தீபாவளி எள்ளெண்ணெயைக் கண்டறிந்ததைக் கொண்டாடிய நாள் என்பது அவர் விளக்கங்களில் ஒன்று. இந்த முறை மற்ற இருவருக்கும் ஏற்புடையதாக இல்லை. இன்றைய வரலாற்றாய்வாளர்கள் பலரும் இதை அப்படியே ஏற்பதில்லை. எழுத்தில் வாதம் வைத்தால், அதை எழுத்தில் மறுக்க எதிராளிக்கும் இடம் கிடைக்கிறது. திண்ணையில் நாலு பேர் கூடி முடிவு செய்துவிட்டு ஊருக்குத் தண்டோரா போடுகிற முறையில் அந்த இடம் கிடையாது.

இந்தப் பழக்கத்தின் வேர் அவர்கள் தேர்ந்துகொண்ட தம்மத்திலேயே இருக்கிறது. பிக்குகள் மழைக்காலம் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கி, முடிவில் 'பவாரணை' என்ற கூட்டம் கூடுவார்கள். ஒவ்வொருவரும், என்னிடம் தப்பு ஏதும் கண்டிருந்தாலோ கேட்டிருந்தாலோ சந்தேகப்பட்டிருந்தாலோ சொல்லுங்கள் என்று மற்றவர்களை அழைக்க வேண்டும். ஒரு பவாரணையில் புத்தரே முதலில் தன்னைப் பற்றி இதைக் கேட்டார் என்று பாலி நூல்கள் சொல்கின்றன. இன்னொரு செய்தியும் உண்டு. சாக்கிய இளவரசர்கள் துறவு பூண வந்தபோது அவர்களின் நாவிதராக இருந்த உபாலிக்கு முதலில் துறவு கொடுக்கப்பட்டது. பிறகு வந்த இளவரசர்கள் மூத்தவரான அவரை வணங்க வேண்டியிருந்தது. புத்தர் மறைந்த பின் ராஜகிருகத்தில் கூடிய முதல் சங்கத்தில் ஒழுக்க விதிகள் அனைத்தையும் ஓதிக் கொடுத்தவரும் அதே உபாலிதான். சங்கத்தின் சட்டப் புத்தகம் ஒரு நாவிதரின் நினைவில் இருந்தது.

1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் அம்பேத்கர் இந்த மரபைத்தான் நினைவூட்டினார். தீர்மானம் கொண்டுவருவது, குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை, வாக்கெடுப்பு, கண்டனத் தீர்மானம் எல்லாம் பிக்கு சங்கங்களுக்குத் தெரிந்திருந்தன என்றார். அதே உரையில்தான் அரசியலில் தனிமனித பக்தி சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்கும் வழி என்றும் எச்சரித்தார். இரண்டையும் ஒரே உரையில் அவர் சொன்னது தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை. நடைமுறை விதிகள் இல்லாத இடத்தில்தான் பக்தி வந்து உட்காருகிறது.

கைரேகை கேட்டவர்கள்

இதே தங்கவயலில் இன்னொரு வகைக் கணக்கும் நடந்தது. 1930இல் சுரங்கக் கம்பெனிகள் தொழிலாளிகளின் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டன. தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். பெரும்பாலோர் நம் மக்கள்தான். கைரேகை என்பது அந்தக் காலத்தில் குற்றவாளிகளிடமும் 'குற்றப் பரம்பரை' என்று முத்திரை குத்தப்பட்டவர்களிடமும் போலீஸ் எடுத்தது. ஒரு சுரங்கத்தில் துரையோடு தகராறு செய்தவனுக்கு இன்னொரு சுரங்கத்தில் வேலை கிடைக்காமல் செய்யவும் அது உதவும்.

பதிவேடுகளையே வேண்டாமென்றவர்கள் அல்ல அந்த மக்கள். தங்கள் பெயரைத் தாங்களே சந்தா கட்டிச் சங்கத்தில் பதிந்தவர்கள் அவர்களுக்குள் இருந்தார்கள். மக்கள்தொகைக் கணக்கில் பௌத்தர் என்று எழுதச் சொன்னவர்களும் இருந்தார்கள். கம்பெனி கேட்ட கணக்கு வேறு மாதிரியானது. தொழிலாளியின் விரலில் இருக்கும் கோடு கம்பெனிக்குத் தெரிய வேண்டும். பாறை சரிந்து செத்தவனுக்கும், தூசியால் நுரையீரல் கெட்டவனுக்கும் கம்பெனி என்ன பதில் சொல்லும் என்பது தொழிலாளிக்குத் தெரிய வேண்டியதில்லை. ஊர்க் கட்டுப்பாடு கோட்டு சூட்டுப் போட்டு வந்தது, அவ்வளவுதான்.

சங்கம் சறுக்கிய இடம்

இத்தனையும் சொல்லிவிட்டு, சங்கத்தை அதே அளவுகோலால் அளக்காமல் விட முடியாது.

அன்றைய சர்க்காரும் சீர்திருத்தக்காரர்களும் தீண்டப்படாதோர் எல்லோரையும் 'பஞ்சமர்' என்று ஒரே பட்டியில் அடைத்தபோது அயோத்திதாசர் கடுமையாக எதிர்த்தார். எதிர்த்ததில் நியாயம் இருந்தது. நாலு வருணத்துக்கு வெளியே ஐந்தாவதாக நம்மை வைப்பது வருணத்தை ஒப்புக்கொள்வதாகும். ஆனால் அந்த வாதத்தின் போக்கில் அவர் ஒரு கோடு போட்டார். சதியால் தாழ்த்தப்பட்டவர்கள் ஒரு பக்கம், இயல்பாகவே தாழ்ந்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கத்தில் சக்கிலியர், தோட்டிகள், குறவர், வில்லியர் என்ற மக்களை வைத்தார்.

அருந்ததிய எழுத்தாளர்கள் இதைச் சுட்டிக்காட்டி வெகுநாளாகக் கேட்டுவருகிறார்கள். நம்மில் சிலர் அதற்கு எரிச்சலோடு பதில் சொல்கிறார்கள். அவர் காலம் அப்படி என்கிறார்கள். இயக்கத்தைப் பிளக்கிறீர்கள் என்கிறார்கள். இவை பதில்கள் அல்ல என்பது நம் கருத்து. 'சாதிபேதமற்ற' என்ற சொல்லை அளவுகோலாகக் கொடுத்தவர் அயோத்திதாசர்தான். அந்தச் சொல்லை வைத்து அவரையே ஒருவர் கேட்கிறார் என்றால், அவர் அயோத்திதாசரை ஒருவகையில் ஒழுங்காகப் படித்திருக்கிறார். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு இன்று அவர் பெயரைச் சொல்லி மாலை போடுகிறவர்களுக்கு இருக்கிறது.

தோல் பகுதியில் வாழ்கிற நமக்கு இது ஏட்டுச் சண்டை அல்ல. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் ஷாப்புகளில் ஆதிதிராவிடரும் அருந்ததியரும் முஸ்லிம் தொழிலாளிகளும் ஒரே சுண்ணாம்புத் தொட்டியில் கை வைக்கிறார்கள். அந்தக் கையை மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறவன் யார் எந்தச் சாதி என்று பிரித்துப் பார்ப்பதில்லை. தோலைத் தொட்டவன் இழிந்தவன் என்ற அந்தப் பார்வைக்கு ஆளான ஒருவர், அதையே இன்னொருவர் மீது திருப்பினால், ஊர்க் கட்டுப்பாடு சேரிக்குள் வந்து குடியேறிவிட்டது என்று பொருள்.

2009இல் தமிழ்நாடு அரசு பட்டியல் சாதியினரின் 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொடுத்துச் சட்டம் செய்தது. 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு இத்தகைய உட்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் நுணுக்கங்களைப் பற்றி வாதம் நடக்கலாம், நடக்கட்டும். ஆனால் 'எங்கள் பங்கு எங்கே' என்று நமக்குள்ளேயே ஒருவர் கேட்கும்போது அதைத் துரோகம் என்று சொல்பவர், 'எங்கள் தண்ணீர் எங்கே' என்று கேட்டபோது ஊர் நமக்குச் சொன்ன பதிலைத்தான் திருப்பிச் சொல்கிறார்.

ஒரு மனிதரோடு முடிந்ததும் முடியாததும்

அயோத்திதாசர் போன பின் அவர் மகன் பட்டாபிராமன் இதழைக் கொஞ்ச காலம் நடத்தினார். பிறகு இடைவெளி. 1926இல் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதை மறுபடி எடுத்து நடத்தினார். அவரால் அந்த மரபு சுயமரியாதை இயக்கத்தோடும் கைகோத்தது. லட்சுமி நரசுவின் பௌத்த நூலை அம்பேத்கர் 1948இல் தன் முன்னுரையோடு மறுபதிப்புக் கொண்டுவந்தார். எட்டு வருஷம் கழித்து, 1956 அக்டோபர் 14இல், நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு அவர் தம்மம் ஏற்றார். அன்று அவர் கொடுத்த 22 உறுதிமொழிகளும் கூடியிருந்தோர் எல்லோரும் ஒரே குரலில் சொன்னவை. தலைவருக்கென்று தனி உறுதிமொழி எதுவும் இல்லை.

ஆனால் அயோத்திதாசரின் எழுத்துகள் தங்கவயல், திருப்பத்தூர் குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளுக்குள் போய்விட்டன. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்த பிறகுதான் பொது உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. பல்கலைக்கழகங்கள் அவரை மறந்தன, பத்திரிகைகள் மறந்தன, தமிழ் இலக்கிய வரலாற்றுப் புத்தகங்கள் மறந்தன. பழுப்பேறிய இதழ்களை மழைக்கும் கரையானுக்கும் கொடுக்காமல் காத்தவர்கள் பெயர் தெரியாத சங்கத்து உறுப்பினர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். அவர்கள் யாருக்கும் சிலை இல்லை. சங்கம் என்பது தலைவர் மட்டுமே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்று கேட்க வேண்டியவை

2021 ஏப்ரல் 7இல், சட்டமன்றத் தேர்தல் முடிந்த மறுநாள், அரக்கோணம் அருகே சோகனூரில் இரண்டு தலித் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். இப்படி ஒவ்வொரு முறை இரத்தம் சிந்தும்போதும் கட்சிகள் வரும், கேமராக்கள் வரும், நிதி திரட்டுவோம் என்ற அறிவிப்புகள் வரும். ஆறு மாதம் கழித்து அந்தக் குடும்பம் தனியாக நீதிமன்ற வாசலில் நிற்கும். எந்த ஊர்க் கொடுமையை எடுத்தாலும் இந்தக் காட்சி மாறாமல் வருகிறது. ஆகவே நம் சங்கங்கள் கீழ்க்கண்டவற்றை வழக்கமாக்க வேண்டும் என்கிறோம்.

முதலாவது, பணக் கணக்கு. பாதிக்கப்பட்டவர் பெயரில் திரட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வரவு செலவை அந்தக் குடும்பத்திடமும், கொடுத்தவர்களிடமும் எழுத்தில் தர வேண்டும். கேட்ட பிறகு தருவது போதாது. கூட்டத்தில் வாசிக்க வேண்டும். கணக்குக் கேட்டவரைச் சந்தேகப் பேர்வழி என்று ஓரம்கட்டும் பழக்கத்துக்கும் பவாரணையில் தன்னைப் பற்றிக் கேட்ட புத்தருக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது, பெண்கள். பஞ்சசீலத்தின் மூன்றாவது சீலம் காமத்தால் அத்துமீறாமை. இயக்கத்துக்குள் ஒரு பெண் தனக்கு நேர்ந்ததைச் சொன்னால், 'இயக்கத்தின் பெயர் கெடும், வெளியே சொல்லாதே' என்பதுதான் முதலில் காதில் விழுகிறது. பெயர் கெடுவது சொன்னவராலா, செய்தவராலா? அந்தப் புகாரை விசாரிக்கும் இடத்தில் பெண்கள் இருக்க வேண்டும். விசாரிக்கப்படுபவரின் பதவி கணக்கில் வரக் கூடாது. ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்ணுக்கு நாற்காலி கிடையாது என்று ஊரைக் குறை சொல்கிற நாம், நம் செயற்குழுவில் எத்தனை நாற்காலி போட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அருந்ததியர், புதிரை வண்ணார், இருளர் என்று நம்மை விடவும் குறைந்த எண்ணிக்கையில் இருப்பவர்கள். அவர்கள் வழக்கு வரும்போது நாம் முதல் ஆளாகப் போகிறோமா? அவர்கள் நம்மைக் கேட்கும்போது உட்கார்ந்து கேட்கிறோமா?

நான்காவது, நம்மிடம் கேட்டுக்கொள்ளும் கேள்வியை அரசிடமும் விடாமல் கேட்பது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 17ஆவது விதி, ஒவ்வொரு மாவட்டத்திலும் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும், அது மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்கிறது. 16ஆவது விதிப்படி முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் குழு கடைசியாக எப்போது கூடியது, எந்த வழக்கைப் பற்றிப் பேசியது, நிவாரணத் தொகை எந்தக் குடும்பத்துக்கு நிலுவை என்று ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதிலை உங்கள் காலனியில் நாலு பேர் முன்னால் சத்தமாகப் படியுங்கள்.

நம்மை எப்போதும் கணக்குச் சொல்ல வைத்தே பழகியது இந்த நாடு. எங்கே போகிறாய், ஏன் வந்தாய், எந்த ஆள், எந்தத் தெரு. அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தவர்கள்தான் ரயிலேறிச் சுரங்கத்துக்குப் போனார்கள். போன இடத்தில் யாரும் கட்டாயப்படுத்தாமல், தங்களுக்குள் ஒருவருக்கொருவர் பதில் சொல்வது என்று தாங்களாகவே ஒத்துக்கொண்டார்கள். கேட்க உரிமை உள்ளவன் கேட்டால் பதில் சொல்வது அவமானம் இல்லை. அடுத்த முறை நம் சங்கக் கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து யாராவது எழுந்து கேள்வி கேட்டால், அவரை உட்காரச் சொல்லாதீர்கள். மைக்கைக் கொடுங்கள்.

ஜெய்பீம்.